மோர் வராத பந்தி

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் தமயந்தி பெருங்காயம் பொரித்தால் விவேக் நகர் ரோட்டில் பஸ் டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மூக்கை உறிஞ்சுவார்கள். ஒருமுறை அவள் ரசம் தாளித்தபோது, பக்கத்து ஆஸ்பத்திரியில் பத்திய உணவு மட்டுமே தின்று கண் திறக்காமல் கிடந்த பெரியவர் ஒருவர் எழுந்து உட்கார்ந்து, "எந்த மண்டபம்?" என்று கேட்டாராம். நம்பாதவர்கள் அந்தத் தெருவிலேயே போய் விசாரிக்கலாம். இதைவிடப் பெரிய கதையாகச் சொல்லித்தான் திருப்பி அனுப்புவார்கள்.

ஆள் என்னவோ குள்ளம். அண்டாவுக்குப் பின்னால் நின்றால் கரண்டி மட்டும் தானாக ஆடுவதுபோல இருக்கும். பிறந்தது ஆனேக்கல் பக்கம் சொப்பஹள்ளியில். கன்னடத்தில் சொப்பு என்றால் கீரை. ஊருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. தமிழும் கன்னடமும் கலந்து பேசும் தோட்டக்காரக் குடும்பங்கள் அங்கே கீரையும் அவரையும் சாமந்தியும் போட்டு, விடிவதற்குள் மார்க்கெட்டுக்கு அனுப்பிப் பிழைக்கிறார்கள். அந்த ஊர் மண்ணில் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டால் அதுவும் ஒரு கட்டு கீரையாக முளைக்கும் என்பது தமயந்தியின் கட்சி.

கல்யாணமாகி ஆஸ்டின் டவுனுக்கு வந்தாள். புருஷன் பஸ் டிப்போ மெக்கானிக். இன்ஜினோடு மட்டும் பேசுகிற மனிதர். அண்ணன் முனியப்பன் வாரந்தோறும் தங்கைக்குக் கீரைக்கட்டுகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவான். அவள் அதை வாசலில் வைத்து விற்பாள். விற்பதோடு விடமாட்டாள். எதற்குப் பூண்டு, எதற்குத் தேங்காய், எதைக் கடையணும், எதைக் கடைந்தால் கெட்டுப்போகும் என்று வாங்க வந்தவளின் பின்னாலேயே அவள் வீட்டுச் சமையலறை வரைக்கும் போய்விடுவாள். ஒரு கல்யாணத்தில் சமையல்காரருக்கும் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கும் வாய்த்தகராறு முற்றி, சமையல்காரர் கரண்டியோடு வெளிநடப்புச் செய்துவிட்டார். விருந்துக்கு வந்திருந்த தமயந்தி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அன்றைக்குப் போனவள்தான்.

இப்போது அவளிடம் ஒரு சமையல் படையே இருக்கிறது. பந்தி விசாரிப்பு காக்ஸ் டவுன் மைக்கேல்ராஜ் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிற அதே கனத்த குரலில் மற்ற நாட்களில் "சாம்பார்!" என்பான், கேட்பவர்களுக்கு எழுந்து நிற்கலாமா என்று தோன்றும். பரிமாற வீணா. இலையில் ஒரு மூலை காலியாகத் தெரிந்தால் போதும், அடுத்த பதார்த்தம் வந்து விழுந்துவிடும். அவ்வளவு வேகம்.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தச் சாலை வருகிற வரைக்கும்.

நகரத்தைச் சுற்றி எட்டு வழிச் சாலை ஒன்று. வரைபடத்தில் அது சொப்பஹள்ளி ஏரிக்கால்வாயை மிதித்து, அவரைத் தோட்டங்களின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போனது. நட்ட நடுவில் முனியப்பனுக்கும் தமயந்திக்கும் அப்பா வழியில் சேர்த்து வந்த நிலம். ஊர் சும்மா இருக்குமா? டிராக்டர் ஊர்வலம் விட்டது. அளக்க வந்தவர்களைப் பெண்கள் துடைப்பத்தோடு வரவேற்றார்கள். பறந்து வந்து படமெடுத்த டிரோனை ஊர்ப் பருந்து ஒன்று கவ்விக்கொண்டு போய்க் குஞ்சுக்குக் கொடுத்துவிட்டது என்றுகூடச் சொல்கிறார்கள். கடைசியில் அரசாங்கம் ஆட்சேபணைக் கூட்டம் வைத்தது. நிலத்துக்காரர்கள் நேரில் வந்து வேண்டாம் என்று சொன்னால் எழுதிக்கொள்வார்கள். வராதவர்களின் நிலத்துக்கு 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதி முடித்துவிடுவார்கள். அப்புறம் புல்டோசர்தான். இடம், சொப்பஹள்ளிப் பள்ளிக்கூடம் என்று அறிவிப்பும் வந்தது.

தமயந்தியும் போவதாகத்தான் இருந்தாள். ஆனால் அவள் வழக்கமாகச் சமைக்கிற கல்யாண மண்டபத்தின் சொந்தக்காரர் முந்தின நாள் போன் செய்து, "ஏதோ கவர்மென்ட் மீட்டிங்மா. ஒரே பந்தி. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்," என்றார். முடித்துவிட்டு ஓடிப்போய் பஸ் பிடித்துக்கொள்ளலாம், ஊர்க்காரர்கள் பேசி முடிக்க எப்படியும் சாயங்காலமாகும் என்று ஒப்புக்கொண்டாள். தை பிறக்கப் போகிற நேரம், அவரைக்காய் கொழிக்கிற பருவம். அண்ணன் அனுப்பிய மொச்சையை ஊறப்போட்டிருந்தாள். காலையில் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மேடையில் இரண்டு பேர் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். படித்தாள். மறுபடி படித்தாள்.

'சொப்பஹள்ளி கிராமம், சாலைத் திட்ட ஆட்சேபணைக் கூட்டம்.'

கரண்டி கையிலிருந்து விழவில்லை. தமயந்தி கரண்டியைக் கீழே போடுகிற ஜாதி இல்லை. ஆனால் மற்றதெல்லாம் விழுந்துவிட்டது. போனை எடுத்தாள்.

"அண்ணா, எங்க கீற?"

"ஸ்கூல் வாசல்ல. ஷாமியானா போட்டாச்சு, மைக் செட்டு வந்தாச்சு, ஊரே உட்கார்ந்துக்கினு கீது. ஆபீசருங்களத்தான் காணோம்."

"எப்படி காணும்? இங்கல்ல வராங்க!"

"எங்க?"

"ஆஸ்டின் டவுனுக்கு. என் மண்டபத்துக்கு. பேனர் கட்டிக்கினு கீறாங்க அண்ணா, என் கண்ணு முன்னால!"

மறுமுனையில் யாரோ யாரையோ கேட்கிற சத்தம். "நேத்து சாயங்காலம் தாலுக்கா ஆபீஸ் செவுத்துல இன்னாமோ ஒட்டுனாங்களாம் தாயி. யாரு போய் செவுத்த பாக்கறது? ஏமாத்திட்டானுங்களே!"

"அழுவாத. கீற வண்டியெல்லாம் எடு. ஜல்தி!"

"எங்கள விட்டுட்டு முடிச்சிட்டா?"

"முடிக்க மாட்டாங்க," என்றாள் தமயந்தி. எப்படி என்று அவளுக்கே தெரியாது.

சொப்பஹள்ளியிலிருந்து ஆஸ்டின் டவுனுக்கு வருகிற வழி தெரிந்தவர்கள் இப்போதே தலையில் கை வைத்திருப்பார்கள். சந்தாபுரம், எலெக்ட்ரானிக் சிட்டி, அப்புறம் சில்க் போர்டு சிக்னல். அந்தச் சிக்னலில் பெண் பார்க்கக் கிளம்பிய ஒருவர், பச்சை விழுவதற்குள் பக்கத்து ஆட்டோவில் இருந்த பெண்ணையே பார்த்து, பேசி, நிச்சயம் செய்துகொண்டு திரும்பிவிட்டார்.

விசாரணை அதிகாரி சந்திரசேகரன் வந்து இறங்கினார். மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்தவர், ஓய்வு பெற நெருங்கியவர், நல்ல சாப்பாட்டுக்கு நடந்தே தும்கூர் போகக்கூடியவர். கூடவே சாலை வரைபடம் போட்ட கம்பெனியின் ஆள் ஷ்ரேயாஸ். மடிக்கணினியும் கை நிறையப் பளபளக்கும் கடிகாரமுமாக. ஒரு டைப்பிஸ்ட், டிரைவர்கள், காவலுக்கு வந்த போலீஸ்காரர்கள், சில குமாஸ்தாக்கள். காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி சுற்றியது. ஒருவரும் வரவில்லை.

"சார், நோ அப்ஜெக்ஷன்னு க்ளோஸ் பண்ணிடலாமே," என்றான் ஷ்ரேயாஸ். "எனக்கு ஒயிட்ஃபீல்டுல இன்னொரு மீட்டிங்."

சந்திரசேகரன் மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். அடுப்படியிலிருந்து ஒப்பட்டுப் போளி வேகிற நெய்வாசனை வந்துகொண்டிருந்தது. "அவசரம் என்னப்பா? கொடுத்த நேரம் இன்னும் இருக்கு. சாப்பிட்டு எழுந்து கையெழுத்துப் போட்டாப் போச்சு."

அடுப்படி வாசலில் நின்றிருந்த தமயந்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சார், சாப்ட்டு எழுந்திருக்கறதுக்குள்ள யாராச்சும் வந்தா?"

"வந்தா கேட்டுக்கறேன்மா. நான் இலையில இருந்து எழுந்துட்டா, அதோட கூட்டம் முடிஞ்சுது."

"எல்லார் முன்னாலயும் சொல்றீங்களே சார்?"

"சொல்லிட்டேன். போய் இலையைப் போடச் சொல்லு."

தமயந்தி உள்ளே ஓடினாள். "மைக்கேலு! வீணா! எல்லாரும் இங்க வாங்க. இன்னிக்கு இந்தப் பந்தி முடியக் கூடாது."

"எத்தன மணி வரைக்கும்கா?"

"எங்க ஊர் வந்து சேர்ற வரைக்கும்."

மைக்கேல்ராஜ் சிலுவை போட்டுக்கொண்டான். அப்புறம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பந்தியில் மூத்தவர் எழாமல் மற்றவர் எழுவதில்லை. மோர் சாதம் வராமல் மூத்தவரும் எழுவதில்லை. மல்லேஸ்வரத்து வளர்ப்பில் இது சட்டப் புத்தகத்தைவிடப் பெரிய சட்டம். தமயந்தி பிடித்துக்கொண்டது இந்த நூலைத்தான்.

இலை போட்டார்கள். இலைக்குத் தண்ணீர் தெளிக்க ஒரு ஆள், அதைத் துடைத்துவிட ஒரு ஆள். உப்பு ஒருத்தர், ஊறுகாய் ஒருத்தர். ஊறின பாசிப்பருப்புக் கோசம்பரியை ஒரு கரண்டி வைத்துவிட்டு, அது இலையில் சௌகரியமாக உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த இலை. மைக்கேல்ராஜ் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் அறிமுக உரை ஆற்றினான். "பீன்ஸ் பல்யா சார். காலையில பறிச்சது. பறிச்சவங்க பேரு சந்திரம்மா. கால்ல முள்ளு குத்திச்சாம், பாவம், இப்ப பரவாயில்லையாம்."

சந்திரம்மாவின் கால் சுகத்தைப் பற்றி ஒரு போலீஸ்காரர் விவரமாக விசாரித்தார். சித்ரான்னம் வந்தது. மத்தூர் வடை வந்தது. வடை பெரிதா, வெங்காயம் பெரிதா என்று டிரைவர்களுக்குள் வழக்கு வந்தது. அதற்குள் அடுப்படியில் போன் அடித்தது.

"எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டிட்டோம் தாயி!"

"சபாஷ்ணா!"

கூடத்தில் ஷ்ரேயாஸின் இலை துடைத்து வைத்ததுபோல இருந்தது. அவன் சாப்பிடுகிற வேகத்தில் வேலை செய்தால் எட்டு வழிச் சாலையை ஒரே நாளில் போட்டுவிடலாம். "மேடம், ரைஸ் ப்ளீஸ்," என்றான்.

சாதம் வந்தால் சாறு, அதாவது குழம்பு, வர வேண்டும். சாறு வந்தால் ரசம். ரசம் வந்தால் மோர். தமயந்தி அடுப்படியைச் சுற்றும் முற்றும் பார்த்தாள். மூலையில் அகன்ற பேசின்களில், ஊறிப் புடைத்த அவரைமொச்சை பளபளத்துக்கொண்டிருந்தது. பாதிதான் பிதுக்கியிருந்தார்கள்.

பேசின்களைத் தூக்கிக்கொண்டு நேராகப் பந்திக்கே வந்துவிட்டாள். இலைக்கும் இலைக்கும் நடுவே டம் என்று வைத்தாள்.

"மன்னிக்கணும் சார். பிதுக்குப்பருப்பு சாறு. பருப்பு பிதுக்கி முடியல, ஆளு பத்தல. ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கங்க."

அவ்வளவுதான் சொன்னாள். பிதுக்கச் சொல்லவே இல்லை. ஊறின அவரைமொச்சைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெங்களூர்க்காரரின் கை சும்மா இருந்ததாக இதுவரை யாரும் பார்த்ததில்லை. தை மாதம் வந்தால் இந்த ஊரில் டிவி பார்க்கிறவரும் பிதுக்குவார், போனில் சண்டை போடுகிறவரும் பிதுக்குவார், துக்கம் விசாரிக்க வந்தவரும் அழுதுகொண்டே ஒரு கிண்ணம் பிதுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

சந்திரசேகரன் பேசினைப் பார்த்தார். இடது கை தானாகவே போய் ஒரு மொச்சையை எடுத்தது. கட்டைவிரலால் ஒரு அழுத்து. தோல் கையில் நின்றது, பருப்பு சர்ரென்று எழும்பி ஷ்ரேயாஸின் கண்ணாடியில் மோதிக் கீழே விழுந்தது.

"சார்!"

"சாரிப்பா. பழக்கம் விட்டுப்போச்சு. இன்னொண்ணு பார்க்கறேன்."

டைப்பிஸ்ட் ஏற்கனவே ஒரு கைப்பிடி முடித்திருந்தாள். டிரைவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி மல்லாத்தி அதில் தோலைப் போட ஆரம்பித்தார். கூடம் முழுக்கப் பருப்பு பறந்தது. ஒன்று எகிறி மின்விசிறியில் பட்டு மேடைக்குப் போய், பேனரில் 'சாலை' என்ற சொல்லின் மேல் அறைந்து விழுந்தது. அதைப் பார்த்து மைக்கேல்ராஜ் கைதட்டினான்.

ஷ்ரேயாஸ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்து டிரைவர் அவனைக் கடைக்கண்ணால் பார்த்து, "இவருக்கெல்லாம் வராது விடுங்க. பாக்கெட்ல வாங்கற கோஷ்டி," என்றார்.

"யாருக்கு வராது?" என்று நிமிர்ந்தான் ஷ்ரேயாஸ். "எங்க பசவனகுடி வீட்டுல ஒரு பேசின் முடிச்சாத்தான் அம்மா கிரிக்கெட் ஆட விடுவாங்க." கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். அதற்கப்புறம் அவன் பிதுக்கிய வேகத்தைச் சொன்னால் பொய் என்பீர்கள். பருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வில்லிலிருந்து போவதுபோலப் போய்க் கிண்ணத்தில் விழுந்தன. டிரைவர் தோற்றுப்போய்க் கும்பிட்டார்.

அந்தப் பருப்பை அடுப்படிக்குக் கொண்டுபோய், வேகவைத்து, மசாலா அரைத்து, கொதிக்கவிட்டுக் கொண்டுவந்து ஊற்றினார்கள். அதுவரை பேச்சு, சிரிப்பு, யார் வீட்டுச் சாறு உசத்தி என்ற தகராறு. நேரம் போனது யாருக்கும் தெரியவில்லை, தமயந்தியைத் தவிர. அவள் போனை இடுப்பில் செருகி, அது எப்போது துடிக்கும் என்று காத்திருந்தாள். துடித்தது.

"தாயி, சில்க் போர்டு."

அண்ணனின் குரலில் இருந்த கலக்கத்தைக் கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நகருதா?"

"எங்க நகருது? முன்னால ஒரு லாரி அடுத்த லாரிமேல சாஞ்சிக்கினு கீது. வண்டிய விட்டு எறங்கி நடக்கலாம்னா வயசானவங்கள்லாம் கூட கீறாங்க. தாயி, நீ மட்டுமாச்சும் போய் சொல்லேன். நம்ம நிலம் மட்டுமாச்சும்..."

"வாய மூடுண்ணா. நம்ம நிலம் மட்டும் நின்னா, பக்கத்துக் கொல்லைக்காரன் மூஞ்சில எப்படி முழிக்கறது? வர்றதுன்னா ஊரோட வா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கூடத்தில் ஒரு பயங்கரம் நடந்துகொண்டிருந்தது. ஒப்பட்டு முடிந்து, ரசம் சாதமும் முடிந்து, சந்திரசேகரனின் இலையில் ஒரு மூலை காலியாகத் தெரிந்திருக்கிறது. வீணாவின் கை பழக்கதோஷத்தில் போய் மோர்ச்சட்டியை எடுத்துவிட்டது. ஒரு கரண்டி சாதம் விழுந்தது. அதன்மேல் ஒரு கரண்டி மோரும் விழுந்துவிட்டது.

"ஆஹா, மோர் வந்துடுச்சு," என்றான் ஷ்ரேயாஸ், கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டே.

வீணா அப்போதுதான் தான் செய்த காரியத்தைப் பார்த்தாள். பேயறைந்த மாதிரி நின்றாள்.

தமயந்தி அடுப்படிக்குள் பாய்ந்தாள். வாணலியில் எண்ணெய், கடுகு, மிளகாய், அரைத்து வைத்திருந்த தேங்காய் விழுது, வெந்து கிடந்த பூசணித் துண்டுகள். எல்லாம் ஒரே சத்தம். அந்த வாணலியை அப்படியே இடுக்கியில் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்து, வீணா கையிலிருந்த மோர்ச்சட்டியில் கவிழ்த்தாள். சொய்ங் என்று எழுந்த புகையில் அதிகாரி, போலீஸ், பேனர் எல்லாம் மறைந்துபோயிற்று.

"அது மோர் இல்ல சார்!" என்றாள் புகைக்குள்ளிருந்து. "மோர்க்குழம்பு. இந்தப் பொண்ணு தாளிப்பு சேர்றதுக்குள்ள எடுத்துக்கினு வந்துட்டா."

"ஏம்மா, ரசத்துக்கு அப்புறமா மோர்க்குழம்பு?" என்றார் சந்திரசேகரன், கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"எங்க சொப்பஹள்ளியில அப்படித்தான் சார்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். சந்திரசேகரனின் கை இலைமேலேயே நின்றது. அவர் பேனரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"எந்த ஊர்னு சொன்ன?"

"சொப்பஹள்ளி சார்."

"சார், திஸ் இஸ் டூ மச்!" ஷ்ரேயாஸ் எழ முயன்றான். மூத்தவர் எழவில்லை, அரைகுறையாக எழுந்தவன் அப்படியே தொங்கினான். "வேணும்னே இழுத்தடிக்கறாங்க. காலையிலயிருந்து நம்மள உட்கார வெச்சு மொச்சை பிதுக்க வெச்சிருக்காங்க!"

"உன்னை யாரும் பிதுக்கச் சொல்லலையேப்பா," என்றார் சந்திரசேகரன். பிறகு தமயந்தியிடம் மெதுவாக, "உங்க ஊர்க்காரங்க எங்கம்மா?"

"மீட்டிங்கு ஸ்கூல்லன்னு ஷாமியானா போட்டு உட்கார்ந்துக்கினு இருந்தாங்க சார். எடம் மாத்துனது தெரியாது. நான் பேனர பார்த்துச் சொன்னேன். பொறப்பட்டு வந்துக்கினே கீறாங்க. சில்க் போர்டுல மாட்டிக்கினாங்க."

சில்க் போர்டு என்றதும் பந்தி முழுக்க ஒரு அனுதாபப் பெருமூச்சு ஓடியது. போலீஸ்காரர் உச்சுக்கொட்டினார். ஆனால் சந்திரசேகரன் தலையை ஆட்டினார்.

"நான் சொன்ன வார்த்தை அதுதானேம்மா. இலையில இருந்து எழற வரைக்கும். எவ்வளவு நேரம் உட்கார முடியும்? மோர்க்குழம்பைப் போடு. சாப்பிடறேன். அதுக்கப்புறம் நிஜ மோரைக் கொண்டு வந்துடணும். சரியா?"

தமயந்தி பரிமாறினாள். அந்த மனிதர் சாதத்தைப் பருக்கை பருக்கையாகத்தான் சாப்பிட்டார் என்று வீணா இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள். ஆனாலும் சாதம் தீர்ந்துவிட்டது. மைக்கேல்ராஜ் நிஜ மோரைக் கொண்டுவந்து நின்றான். தமயந்தி வாசலைப் பார்த்தாள். தெரு வெறிச்சென்று கிடந்தது. மோர் விழுந்தது. சந்திரசேகரன் பிசைந்தார், சாப்பிட்டார், கடைசிக் கவளத்தை வழித்தார். இலையை மடிக்க விளிம்பில் கை வைத்தார்.

தமயந்தியின் இடுப்பில் போன் துடித்தது.

"அத்தே! நான் சுனிதா!"

சுனிதா சொப்பஹள்ளி மருமகள். பகலில் ஸ்கூட்டரில் வீடு வீடாகச் சாப்பாடு டெலிவரி செய்கிறவள். அவள் குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது.

"அத்தே, கதவைத் திறந்து வெய்ங்க! வந்துட்டோம்!"

முதலில் சத்தம்தான் வந்தது. தெருக்கோடியில் தேனீக்கூடு கலைந்ததுபோல. அப்புறம் வண்டிகள் தெரிந்தன. சிவப்பு பனியன், ஆரஞ்சு பனியன், மஞ்சள் பனியன், பச்சை பனியன் போட்ட டெலிவரிக்காரர்கள், ஊர்வலம் மாதிரி வரிசையாக. ஒவ்வொரு ஸ்கூட்டரின் பின்சீட்டிலும் சொப்பஹள்ளி. வேட்டியை மடித்துக் கட்டிய முனியப்பன், சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி. முள் குத்திய காலை நீட்டியபடி சந்திரம்மா. ஹெல்மெட்டுக்கு மேல் முண்டாசு கட்டிய பெரியவர்கள். சில்க் போர்டில் சிக்கிய ஊரை, வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே எலி புகுகிற சந்துகளில் நுழைத்து அள்ளிக்கொண்டு வந்திருந்தாள் சுனிதா. டெலிவரிக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் அவள் அனுப்பிய செய்தியைப் பார்த்து, கோரமங்களாவில் அன்று மத்தியானம் பாதிப் பேருக்குப் பிரியாணி போய்ச் சேரவே இல்லையாம்.

எல்லோரும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது சந்திரசேகரன் இலையைப் பாதி மடித்திருந்தார்.

"சார், கை கழுவிட்டு மேடைக்கு வாங்க, பார்க்கலாம்," என்று ஷ்ரேயாஸ் அவர் முழங்கையைப் பிடித்தான். அவன் கெட்டிக்காரன்.

"எழுந்திருக்காதீங்க சார்!" என்று அலறினாள் தமயந்தி.

"கூத்கொள்ளி சார்! கூத்கொள்ளி!" என்று ஊர் மொத்தமும் உட்காரச் சொல்லிக் கத்தியது. எதற்கு என்று தெரியாமலே டெலிவரிக்காரர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

சந்திரசேகரன் அப்படியே உட்கார்ந்தார். மடித்த இலையைத் திரும்பப் பிரித்தார். "டைப்பிஸ்ட் அம்மா, உங்க இலையைத் தள்ளி வெச்சுட்டு கம்ப்யூட்டரை எடுங்க. கூட்டம் இங்கதான்."

அந்த மாதிரி ஒரு விசாரணையை எந்த ஆபீசும் பார்த்திருக்காது. அதிகாரி எச்சில் கை காய, இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி. எதிர்வரிசையில் சொப்பஹள்ளி. வந்தவர்களை வெறும் வயிற்றோடு பேசவிடுவாளா தமயந்தி? அவர்களுக்கும் இலை விழுந்தது. முனியப்பன் வாயில் ஒப்பட்டோடு ஏரிக்கால்வாயைப் பற்றிப் பேசினான். சந்திரம்மா சாலையைப் பற்றி ஒரு வார்த்தை, சாற்றைப் பற்றி ஒரு வார்த்தை என்று மாற்றி மாற்றிச் சொன்னதில் டைப்பிஸ்ட் குழம்பிப்போய் ஆட்சேபணையில் உப்பு குறைவு என்று அடித்துவிட்டு அழித்தாள். ஒருவர் தன் தோட்டத்துச் சாமந்தி ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம் என்றார். சந்திரசேகரன் அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

கடைசியில் முனியப்பன் கூப்பிட்டான். "தாயி, நீயும் வா. உன் பேரும் கீதே."

"இவங்க கேட்டரிங் பார்ட்டி சார்," என்றான் ஷ்ரேயாஸ்.

"நிலத்துக்காரி," என்றான் முனியப்பன்.

தமயந்தி இந்த நாளுக்காக ஒரு மாதமாக ஒரு பிரசங்கம் தயார் செய்திருந்தாள். தண்ணீர், மண், பரம்பரை, பசித்த நகரம் என்று அண்டாக்களுக்கெல்லாம் ஒப்பித்துக் காட்டியிருந்தாள். அண்டாக்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். இப்போது டைப்பிஸ்ட் நிமிர்ந்து பார்த்ததும் ஒரு சொல்கூட வரவில்லை. காலையிலிருந்து அடுப்புக்கும் பந்திக்கும் ஓடிய மூச்சு மட்டும் வந்தது.

"எழுதிக்கம்மா," என்றாள். "நான் குடுக்க மாட்டேன்."

டைப்பிஸ்ட் காத்திருந்தாள். "காரணம்?"

"காரணமா?" தமயந்திக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னுது. அதான் காரணம். வேற இன்னா வேணும்?"

ஷ்ரேயாஸ் மடிக்கணினியை மூடினான்.

"அப்படியே எழுதுங்க," என்றார் சந்திரசேகரன். "ஒரு எழுத்து மாத்தாதீங்க." பிறகு குரலை உயர்த்தினார். "இந்தத் தடத்தை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொல்லிக் குறிப்பு அனுப்பப் போறேன். அடுத்த விசாரணை சொப்பஹள்ளியில, நிலத்துமேல நின்னு. நானே வரேன். நோட்டீஸ் செவுத்துல இல்ல, வீடு வீடா கையில குடுத்தாகணும்."

அப்போது எழுந்த சத்தத்தில் மண்டபத்து ஓடு ஒன்று ஆடியது உண்மை. ஓட்டோடு சேர்ந்து ஓட்டின் மேலிருந்த காக்கையும் விழுந்தது என்று மைக்கேல்ராஜ் சொல்வதை மட்டும் பாதிக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளலாம். டெலிவரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். சுனிதா மேஜைமேல் ஏறி விசிலடித்தாள். வரைபடத்தில் நேராகப் போகிற சாலை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதை அழிக்க ரப்பர் எதுவும் யாரிடமும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கத்தினார்கள்.

முனியப்பன் தங்கையைத் தேடினான். அவள் அதற்குள் எதிர்வரிசையின் கடைசிக்குப் போய்விட்டிருந்தாள். சிவப்பு பனியனும் ஆரஞ்சு பனியனுமாக அங்கே பசியோடு நின்றிருந்தவர்களை ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் சோறு கொண்டு குடுத்துட்டு நிக்கறீங்க, உட்காருங்க கண்ணுங்களா. மைக்கேலு, எல போடு! வீணா, உலைய ஏத்து! இன்னொரு பந்தி கீது!"